ஆடுகளப் பெயர்களும் வாணிகமும்

விளையாட்டரங்குகளுக்குப் பெயரிடும் உரிமையை வணிக நிறுவனங்கள் விலைகொடுத்துப் பெறுதல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிய வழக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவின் பவலோ நகரத்து அரங்கொன்று 1973இல் 'றிச்' என்னும் உணவு நிறுவனத்தின் பெயரை 25 ஆண்டுகளுக்கென ஏற்றது. விலை 15 இலட்சம் டொலர். ஆயின், வாங்கிய பெயர் மக்கள் நாவில் நிலைக்குமோ என்பது வேறு வினா. அதனை ஆராய்வார்க்கு இலண்டன் கெனிங்ரன் ஓவல் மைதானம் நல்லதொரு சான்றாகும்.

ஓவல் என்பது நீள்வட்டம். மைதானம் தோன்றுமுன்பே அவ்விடத்துத் தெரு அவ்வடிவில் அமைந்திருந்தமையாற் பெயரும் முந்தியதாயிற்று. காய்கறித் தோட்டமாய்க் கிடந்த அந்நிலம் 1845இல் குத்தகைக்குப் பெறப்பட்டுத் துடுப்பாட்டக் களமாயிற்று. எவ்.ஏ. கிண்ண உதைபந்தாட்டத்தின் முதல் இறுதிப் போட்டி 1872இலும், இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ற் போட்டி 1880இலும் நிகழ்ந்தவை அங்கேதான். நூறாண்டு கடந்தபின், பொஸ்ரர்ஸ் என்னும் அவுஸ்திரேலிய பியர், ஏ.எம்.பி. நிறுவனம், பிரிட் காப்புறுதி நிறுவனம், கியா மோட்டார் நிறுவனம் என ஒன்றன்பின் ஒன்றாக அப்பெயரின் முன்னே வந்தமர்ந்தன. முத்தையா முரளிதரன் 16 விக்கெற்றுக்களை வீழ்த்தி இலங்கைக்கு வெற்றி தேடித்தந்த 1998ஆம் ஆண்டுப் போட்டியும் முறைப்படி 'பொஸ்ரர்ஸ் ஓவலில்' நடந்ததே. அவ்வெற்றியைப் போற்றுவோருள் அம்மதுவின் பெயரை நினைப்பார் எத்தனை பேர்? அடைமொழிகள் மாறின, பெயர் மாறவில்லை. பழம்பெயரை விற்காது, அதன் முன்னிடத்தை மாத்திரம் வாடகைக்கு விட்ட கழகத்தாரின் மதிநுட்பம் பாராட்டத்தக்கது.

ஹூஸ்ரன் நகரத்துப் பேஸ்போல் அரங்கின் கதையோ வேறு. அது 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோதே 'என்ரோன் களம்' எனப் பெயர் பூண்டது. 30 ஆண்டுகளுக்கு 10 கோடி டொலர் என்பது உடன்படிக்கை. 2001 டிசெம்பரில், கணக்கு மோசடி வெளிப்பட்டு என்ரோன் நிறுவனம் முறிந்தது. பல்லாயிரம் ஊழியர் தொழிலையும் சேமிப்பையும் இழந்து நிற்க, அவர்களைக் கெடுத்த நிறுவனத்தின் பெயர் அரங்கின் முகப்பில் ஒளிர்ந்தது. அதனை நீக்கும் பொருட்டுக் கழகம் 2002இல் 21 இலட்சம் டொலர் கொடுத்துத் தன் அரங்கின் பெயரைத் தானே மீட்டது. அவ்வாண்டே பழச்சாறு விற்கும் மினிற் மெயிட்டின் பெயரும், 2025இல் குளிரூட்டி செய்யும் டைக்கின் நிறுவனத்தின் பெயரும் அதற்கு வந்தன. கட்டும் காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் 'யூனியன் நிலைய ஆடுகளம்' என்பது. 1911இல் எழுந்த அப்புகையிரத நிலையக் கட்டடம் இன்றும் அவ்வரங்கின் ஒரு பகுதியாய் நிற்கின்றது.