வில்ம்ஸ் கட்டியில் மரபணு வெட்டியொட்டல் மாற்றங்கள்

வில்ம்ஸ் கட்டி, குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய்களில் முதன்மையானது. ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. கருவில் சிறுநீரகமாக முதிர வேண்டிய திசு, முதிராமலே பெருகிக் கட்டியாகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தாயின் கையில் வயிற்றுக் கட்டி தட்டுப்படுவது பலருக்கு முதல் அறிகுறி.

வரலாறு

தாமஸ் ரான்ஸ் 1814இல் இக்கட்டியை விவரித்தார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899இல் விரிவான நூல் எழுதியதால் அவர் பெயரே நிலைத்தது. ஒரு மரபணுவின் இரு படிகளும் பழுதுபட்டால் கட்டி தோன்றும் என்ற கருத்தை ஆய்வாளர்கள் நட்சனும் ஸ்ட்ராங்கும் 1972இல் இந்நோய்க்குப் பொருத்திக் காட்டினர். 1990இல் 11ஆம் குரோமோசோமின் குறுங்கையில் இக்கட்டியோடு தொடர்புடைய டபிள்யூ.டி.1 மரபணு கண்டறியப்பட்டது.

வெட்டியொட்டலும் புரத வகைகளும்

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. அப்படியே புரதமாவதில்லை. இடையிலுள்ள இன்ட்ரான்கள் வெட்டி நீக்கப்பட்டு, எக்ஸான்கள் ஒட்டப்படுகின்றன; இதுவே வெட்டியொட்டல். 1977இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்காக அறிவியலாளர்கள் ஷார்ப், ராபர்ட்ஸ் இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

டபிள்யூ.டி.1 மரபணுவில் 10 எக்ஸான்கள் உள்ளன. இரு இடங்களில் வெட்டு மாறுபடுகிறது. ஐந்தாம் எக்ஸான் சேர்ந்தால் புரதத்தில் 17 அமினோ அமிலங்கள் கூடும். ஒன்பதாம் எக்ஸானின் முடிவில் வெட்டு சற்றுத் தள்ளி விழுந்தால் லைசின், திரியோனின், செரின் என மூன்று கூடும், இதுவே கே.டி.எஸ். எனப்படுகிறது. இவ்விரண்டின் சேர்க்கையால் நான்கு முக்கியப் புரதங்கள் உண்டாகின்றன. மிக நீளமானதில் 449 அமினோ அமிலங்களும், மிகக் குறுகியதில் 429உம் உள்ளன.

கே.டி.எஸ். இல்லாத வகை டி.என்.ஏ.வைப் பற்றி மற்ற மரபணுக்களை இயக்குகிறது. கே.டி.எஸ். உள்ள வகை, செல் கருவில் வெட்டியொட்டும் கருவிகளுடன் சேர்ந்து காணப்படுகிறது. எலிகளில் இவற்றில் எந்த ஒன்றை நீக்கினாலும் சிறுநீரகம் பழுதுபட்டு, குட்டிகள் பிறந்தவுடன் இறப்பதை 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மாற்றங்களின் வகைகள்

சில வில்ம்ஸ் கட்டிகளில் இரண்டாம் எக்ஸான் விடுபட்ட டபிள்யூ.டி.1 புரதம் 1993இல் கண்டறியப்பட்டது. வளர்ச்சியை அடக்க வேண்டிய புரதம் அங்கே தன் தன்மை மாறுகிறது. வேறு சில கட்டிகளில் ஐந்தாம் எக்ஸானின் விகிதம் குலைந்துள்ளது.

ஃப்ரேசியர் நோய்க்குறியில் ஒன்பதாம் இன்ட்ரானில் உள்ள திரிபு கே.டி.எஸ். உள்ள வகையைக் குறைக்கிறது. புரதத்தின் ஓர் அமினோ அமிலம்கூட மாறுவதில்லை. விகிதம் மட்டும் மாற, சிறுநீரகம் செயலிழக்கிறது. இந்நோயில் வில்ம்ஸ் கட்டி அரிது. டெனிஸ்–டிராஷ் நோய்க்குறியிலோ புரதத்தில் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதிகளான துத்தநாக விரல்களே திரிகின்றன; அங்கே வில்ம்ஸ் கட்டி மிகுதி. ஆகவே அளவும் வடிவும் சேர்ந்தே நோயை முடிவு செய்கின்றன.

சிகிச்சை

வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின் மருந்துகளும் அறுவையும் வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகளைக் காக்கின்றன. கட்டி பெரிதான பின்பே வரும் இந்தியக் குழந்தைகளுக்கு, முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கிப் பின் அறுப்பதே ஏற்றது. 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இச்சிகிச்சை அளிக்கின்றன.