உமா ஓயா: நீர் போன இடமும் வற்றிய இடமும்

மகாவலியில் கலக்கும் உமா ஓயாவின் நீரை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிரிந்தி ஓயாவுக்குத் திருப்புவதே உமா ஓயா பல்நோக்குத் திட்டம். இரு அணைகள், 120 மெகாவாட் நிலத்தடி மின்நிலையம், மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குப் பாசன நீர் என்பன இதன் பயன்கள். வரட்சிப் பிரதேசத்துக்கு இது சிறிய நன்மையல்ல.

ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதியில் இறங்கினர். 2024 ஏப்ரல் 24இல் திட்டம் திறக்கப்பட்டது.

தெமோதரை போன்ற தோட்டப்புறங்களில் மலை ஊற்றுத்தான் குடிநீர். லயன் வீட்டுக்குக் காணி உறுதி கிடையாது. உறுதியில்லாதவர் இழப்பை எதைக் காட்டி நிரூபிப்பது? போரில் வீடும் பத்திரமும் இழந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. திட்டத்தின் கணக்கில் அந்த ஊற்றுக்கும் விலை எழுதப்பட வேண்டும்.