தோட்டத்துக்குள் வராத ஈச்சை

குன்னூர், கோத்தகிரி பக்கம் நான் போன நர்சரிகளில் பெரும்பாலும் மூன்று குட்டிப் பனைகள் கண்ணில் படும். 'அரேக்கா பாம்' என்று விற்பது மடகாஸ்கரில் இருந்து வந்தது. நம்ம ஊர்ப் பாக்கு மரத்தோடு பெயரில் இருக்கும் நெருக்கம் உறவில் இல்லை. 'பார்லர் பாம்' மெக்சிகோ, குவாத்தமாலா காட்டுச் செடி. மூன்றாவது ஒரு குட்டி ஈச்சை. அது லாவோஸ் பக்கம் மெகாங் ஆற்றங்கரையில் வளர்வது. ரோபெலன் என்ற ஆர்க்கிட் சேகரிப்பாளர் மூலம் ஐரோப்பாவுக்குப் போய், 1889-ல் அவர் பெயரிலேயே ஃபீனிக்ஸ் ரோபெலெனி ஆகிவிட்டது.

இந்த மூன்றாவதுக்கு உடன்பிறப்பு ஒன்று நம்ம மலையிலேயே இருக்கிறது. நீலகிரியின் வறண்ட சரிவுகளில், புல்லுக்கு நடுவே, யாரும் நடாமல் வளரும் மலை ஈச்சை. ஃபீனிக்ஸ் லூரேரி என்பது அதன் அறிவியல் பெயர். அதை நர்சரியில் நான் பார்த்ததே இல்லை. துடைப்பமாகத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரன் வெளியே நிற்க, மெகாங்காரன் எப்படி வரவேற்பறைக்குள் வந்தான்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் தோட்டங்களின் கதை. இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் ஊட்டி தாவரவியல் பூங்கா, 1840-களில் அங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு ஆரம்பித்த காய்கறித் தோட்டம். கியூ தோட்டத்தில் இருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் வந்த பிறகுதான் அது பூங்காவாக உருமாறியது. ஆனால் 2,200 மீட்டருக்கு மேலே, உறைபனி விழும் இடத்தில் வெப்பமண்டலப் பனை விதை முளைக்காது. பெரும்பாலான பனை விதைகளுக்கு மண்ணில் 25 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். சாதிக்காய், மங்குஸ்தான் போன்றவற்றுக்கும் இதே பிரச்சினைதான். அதனால் சூடு கேட்கும் செடிகளை மலையிலிருந்து கீழே இறக்கினார்கள். கோவை கலெக்டராக இருந்த ஈ.பி. தாமஸ் பர்லியாறில் தொடங்கிய தோட்டத்தை அரசாங்கம் 1871-ல் எடுத்துக்கொண்டது. அதற்கும் கீழே கல்லாறு, இன்றைக்கும் பாக்குத் தோப்புக்குப் பெயர் போனது. நடுவில், சுமார் 1,800 மீட்டரில், 1874-ல் தொடங்கிய குன்னூர் சிம்ஸ் பூங்கா. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலைப்பாதை ஏறும்போது ஒரு ஏணியின் படிகள் மாதிரி இவை வரும். எந்த விதை எந்தப் படியில் நிற்கும் என்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பல வருஷம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

விதை வந்து சேர்வதே பெரிய பாடு. மழைக்காட்டுப் பனைகள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கும் வரை ஐரோப்பாவில் இருந்து கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வரணும். இதற்கு வழி காட்டியது வார்டியன் பெட்டி, அதாவது காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மண் போட்டு விதையை விதைத்துவிட்டால், கப்பலிலேயே முளைத்து நாற்றாக வந்து இறங்கும். தேயிலையும் உலர்ந்தால் கெடும் விதைதான். 1851-ல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவில் இருந்து இமயமலைத் தோட்டங்களுக்குத் தேயிலையை அனுப்பியபோது இந்த உத்தியைத்தான் கையாண்டார்.

இவ்வளவு செலவழித்து வந்து சேரும் செடிக்குத் தானாகவே ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. மலை ஈச்சைக்குக் கப்பலும் வேண்டாம், கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம். அது தோட்டத்துக்குள் வராமல் போனதற்கு முதல் காரணம் இந்த மலிவுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பெயரையே பாருங்க. லூரேரி என்பது வியட்நாமில் பல வருஷம் இருந்து, 1790-ல் அந்த நாட்டுத் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் போட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் லூரெய்ரோ. நம்ம பக்கம் இந்த மரத்தோடு வாழ்ந்தவர்கள் யாரும் அந்தப் பெயரில் இல்லை. ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசைக்கு ஈந்தின் இலைதான் கூரை. கோத்தகிரிச் சரிவுகளில் இன்றும் இருளர்கள் ஈச்ச ஓலை வெட்டித் துடைப்பம் கட்டுகிறார்கள். 2012-ல் லிசா மாண்டில், தமாரா டிக்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஓலை வெட்டு, மேய்ச்சல், தீ மூன்றும் சேர்ந்து ஈச்சையை என்ன செய்கின்றன என்று தனியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆக, ஆராய்ச்சிக்கு வந்துவிட்டது, துடைப்பத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. தொட்டிக்கு மட்டும் வரவில்லை.

இரண்டாவது காரணம் விதைக்குள்ளேயே இருக்கிறது. பனங்கிழங்கு தின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனங்கொட்டையைப் புதைத்தால் முளை மேலே வராது. கொட்டையில் இருந்து ஒரு குழாய் மாதிரி கிளம்பி நேரே கீழே இறங்கும். இளஞ்செடி மண்ணுக்கு அடியில்தான் உருவாகும். ஈச்சையும் இதே முறைதான், ஆழம் மட்டும் குறைவு. கமுகு, அரேக்கா பாம், பார்லர் பாம் எல்லாம் அப்படி இல்லை, விதையை ஒட்டியே குருத்து விடும். ஈரமும் நிழலும் உள்ள காட்டுக்கு அது போதும். காய்ந்து, அடிக்கடி தீ ஓடும் புல்சரிவில் குருத்து மண்ணுக்குள் ஒளிந்தால்தான் பிழைக்கும். தீயில் கருகிய ஈச்சை மறுபடி துளிர்ப்பதைச் சரிவுகளில் நீங்களே பார்க்கலாம்.

அதனால் ஆழமில்லாத அலங்காரத் தொட்டி ஈச்சைக்கு ஒத்துவராது. ஆனால் மெகாங் குட்டி ஈச்சையும் இதே மாதிரிதான் முளைக்கிறது; அதை மட்டும் ஆழத் தொட்டியில் வைத்து வளர்க்கத் தெரிந்திருக்கிறதே! அதனால் விதைமேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை.

வளர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் குறிப்பு இது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் பெண் மரத்தில்தான். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்கக் கூடாது. பட்டா நிலத்தில், தெரிந்தவர் எஸ்டேட் ஓரத்தில் கேட்டு வாங்குங்க. சதையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் விரல்கணு ஆழத்தில் போடுங்க. பை ஒரு முழமாவது உயரம் இருக்கணும். குன்னூர்க் குளிரில் வெளியே வைத்தால் விதை சும்மா கிடக்கும். நான் சமையல்கட்டில் விறகடுப்புக்குப் பக்கத்து மேடையில், மேலே பாலிதீன் மூடி வைத்தேன். ஒன்றரை மாசத்தில் வெள்ளையாக ஒரு முளை கீழே இறங்கியது, பச்சை மேலே தெரிய இன்னும் ஒரு மாசம். முதல் இலை ஒற்றைப் புல் மாதிரிதான் இருக்கும், களை என்று பிடுங்கிப் போட்டுடாதீங்க. முழு ஓலை விட இரண்டு மூன்று வருஷம் ஆகும்.