எண்ணெய்க் கம்பெனியும் அயலூர்ச் சிப்பந்தியும்

ஐப்பசி மாதக் கடைசியில் கல்பாத்தி விசுவநாத சுவாமிக்குத் தேர்த் திருவிழா நடைபெறுகிறது. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகிய அக்கிரகாரங்களில் ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்த வீடுகள் அந்நாட்களில் திறக்கப்படுகின்றன. பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று பல திசைகளிலிருந்தும் ஊர் மக்கள் வந்து சேர்கின்றனர். "காசியில் பாதி கல்பாத்தி" என்பது அவ்வூரார் பெருமையுடன் சொல்லும் மொழி. ஆயினும், தேர் நிலைக்கு வந்தபின் திண்ணைகளில் நிகழும் உரையாடலைச் செவிமடுப்போமாயின், அது பெரும்பாலும் உத்தியோகத்தைப் பற்றியதாகவே இருக்கும். இதனைப் படிக்கும் அன்பர்களுள் பலரும் ஊர்விட்டு ஊர் சென்று ஊதியம் ஈட்டுபவர்களே. ஆதலின் அப்பேச்சின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

முற்காலத்தில் கல்பாத்தியை விட்டுப் புறப்பட்ட இளைஞனுக்குப் பின்புறம் ஒரு துணை இருந்தது. பாலக்காட்டுச் சுற்றுப்புற வயல்களிலிருந்து பாட்டநெல் வந்துகொண்டிருந்தது. விக்டோரியா கல்லூரியில் ஆங்கிலமும், பிறகு தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, ஒலவக்கோட்டில் ரயில் ஏறினான். பம்பாயில் வேலை நிலைக்காவிடினும் ஊரில் பத்தாயம் காலியாகிவிடாது என்ற தைரியம் அவனுக்கு இருந்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தங்கள் 1970 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தபோது குத்தகை முறை ஒழிந்தது. உழுதவனுக்கு நிலம் உரிமையாயிற்று. அது நியாயமான மாறுதலே. ஆனால் அக்கிரகாரத்துப் பத்தாயம் அன்றே வெறுமையாயிற்று. அதன்பின், "வேலை போனால் என் செய்வது?" என்னும் வினாவுக்கு ஊரைக் காட்டி விடை கூற இயலாதாயிற்று.

வெளியூர் சென்றவனது வேலைக்கு உறுதி எங்கிருந்து வருகிறது? சம்பளத்திலும் பெயரிலும் உயர்ந்த பெரிய கம்பெனியில் அமர்ந்துவிட்டால் போதும் என்பது நம்மவரின் நெடுநாள் நம்பிக்கை. அதனைச் சோதித்துப் பார்க்க எண்ணெய்க் கம்பெனிகளின் வரலாறு மிகவும் பொருத்தமானது. ஒரே தாய்க் கம்பெனியின் இரு கிளைகளில், இரு நாடுகளில், இந்தியச் சிப்பந்திகளுக்கு நேர்ந்தவை இரண்டு விதமாக இருந்தன.

அத்தாய்க் கம்பெனி 1886-ல் தோன்றிய பர்மா ஆயில் கம்பெனி. பாரசீகத்தில் எண்ணெய் தேடியவர்களுக்குப் பொருளுதவி செய்ததும் அதுவே. 1908-ல் மஸ்ஜித்-இ-சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பொங்கியது. மறு ஆண்டில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி அமைந்தது. வளைகுடாவின் தலைமாட்டில் உள்ள அபதானில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தபோது, அதில் வேலை தெரிந்தவர்கள் அந்நாட்டில் இல்லை. ரங்கூன் ஆலையில் பழகிய கைவினைஞர்களையும், பம்பாய், கராச்சித் துறைமுகங்களில் திரட்டிய குமாஸ்தாக்களையும் தொழிலாளரையும் கம்பெனி கப்பலேற்றியது. முதல் உலகப் போர் முடிந்தபின் அங்கே இருந்த இந்தியர் சில ஆயிரவர்.

அவர்களுடைய நிலை விசித்திரமானது. மேலே ஆங்கிலேயர், கீழே கூலி வேலை செய்த பாரசீகர், நடுவில் நம்மவர். ஆங்கிலேயனைவிடக் குறைந்த சம்பளம் போதும், பாரசீகனைவிடக் கூடுதலாக வேலை தெரியும் என்ற கணக்கே அவர்களுக்கு வேலை தந்தது. ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்தது. அது முடிந்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம். வேலையின் உறுதியும் அந்தக் காகிதத்தின் நீளமே.

1920 டிசம்பரில் அபதானில் இந்தியத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர், பாரசீகத் தொழிலாளரும் உடன் சேர்ந்தனர், ஊதியம் உயர்ந்தது. அவ்வெற்றியின் ஊக்கத்தால் 1922-ல் மீண்டும் வேலைநிறுத்தம் எழுந்தது. இம்முறை கம்பெனி இணங்கவில்லை. ஏறக்குறைய 2,000 இந்தியர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உள்நாட்டானை வேலையிலிருந்து நீக்கினாலும் அவன் ஆலை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். அயல்நாட்டானுக்கோ வேலை போயிற்று என்றால் நிற்பதற்கு நிலமும் போயிற்று. வழிச்செலவைக் கம்பெனியே கொடுக்கும் என்ற ஷரத்தை ஒரு சலுகையாக எண்ணியவர்கள், அதுவே தங்களை எளிதில் அனுப்பிவிடும் வழியாகவும் ஆனதைக் கண்டிருப்பார்கள்.

பாரசீகரின் மனக்குறையிலும் நியாயம் இருந்ததை நாம் மறைத்தல் தகாது. தங்கள் மண்ணின் எண்ணெயைக் கொண்டு நடக்கும் தொழிலில் தங்களுக்குக் கூலி வேலையும் பிறருக்கு மேசை வேலையும் என்பதை அவர்கள் எவ்வளவு காலம் பொறுப்பார்கள்? 1933-ல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கையில், தகுதியுள்ள பாரசீகர் கிடைக்குமளவுக்கு அவர்களையே வேலைக்கு அமர்த்த வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அதன்பின் நம்மவரின் இடம் சிறிது சிறிதாகச் சுருங்கியது. 1951-ல் டாக்டர் முசாதிக் காலத்தில் கம்பெனி தேசியமயமாக்கப்பட்டது. ஜூலை இறுதியில் ஆலை நின்றது. அக்டோபரில் ஆங்கிலேயர் வெளியேறினர். அவ்வாண்டில் இந்தியச் சிப்பந்திகளில் பெரும்பாலோரும் ஊர் திரும்பினர். கம்பெனியின் புகழோ அதன் செல்வமோ அவர்களைக் காக்கவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பர்மா ஆயில் கம்பெனியும் ஷெல் குழுவும் சேர்ந்து 1928-ல் அமைத்தது பர்மா-ஷெல் கம்பெனி. பம்பாய் பாலார்டு எஸ்டேட்டில் அதன் மாளிகை இருந்தது. 1955-ல் டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. பாலக்காட்டு அக்கிரகாரத்து இளைஞர்கள் நாடிய 'நல்ல கம்பெனி'களுள் இதுவும் ஒன்று. மகனுக்கு அங்கே வேலை என்றால் பெண் கொடுப்போர் மேற்கொண்டு விசாரியாத காலம் ஒன்று இருந்தது!

1976 ஜனவரி 24-ஆம் நாள் பர்மா-ஷெல்லும் தேசியமயமாக்கப்பட்டது. மறு ஆண்டில் பாரத் பெட்ரோலியம் என்னும் பெயர் பெற்றது. அபதானில் நேர்ந்தது போன்றதே இங்கும் நேர்ந்தது: ஆங்கிலேயரின் எண்ணெய்க் கம்பெனி அரசின் உடைமையாயிற்று. ஆனால் இங்கிருந்த குமாஸ்தா கப்பலேறவில்லை. தன் நாற்காலியை விட்டு எழவும் இல்லை. முழுநேரச் சிப்பந்திகள் அதே நிபந்தனைகளுடன் புதிய நிறுவனத்தின் சிப்பந்திகளாவர் என்று கையகப்படுத்தற் சட்டமே விதித்தது. கல்பாத்தியான் பம்பாயில் மொழியால் அயலான். ஆனால் சட்டத்தின் முன் குடிமகன். அபதானிலிருந்த குமாஸ்தாவுக்கு இல்லாத பொருள் இது ஒன்றே.

அச்சட்டத்தின் வலிமை விரைவிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. பர்மா-ஷெல்லில் பணியாற்றி 1973-ல் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவருக்கு மாதம் ரூபாய் 165.99 ஓய்வூதியமாகக் கணக்கிடப்பட்டது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் பெற்றுக்கொண்டதைக் காரணமாகக் காட்டி, கம்பெனியின் பழைய விதிகளின்படி அதில் பிடித்தம் செய்தனர். எஞ்சியது ரூபாய் 40.05. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பாரத் பெட்ரோலியம் ஒரு கம்பெனியே அன்றி அரசு அன்று, ஆதலால் அடிப்படை உரிமை பற்றிய வழக்கு அதன்மேல் செல்லாது என்பது எதிர்வாதம். 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் உடை அணிந்திருப்பினும் அது அரசின் கருவியே என்றும், சட்டம் அளித்த வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் காட்டி ஓய்வூதியத்தைக் குறைத்தல் ஆகாது என்றும் நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். மாதம் நூற்றிருபத்தைந்து ரூபாய் என்பது நாட்டின் உச்ச மன்றம் வரை செல்லத் தக்க தொகையா என்று சிலர் கேட்கலாம். நாற்பது ரூபாயில் மாதத்தை ஓட்ட வேண்டியவரிடம் அக்கேள்வியைக் கேட்பதே முறை.

சட்டமும் என்றென்றும் நிற்பதன்று. 1976-ஆம் ஆண்டின் அச்சட்டம் 2016-ல் நீக்கப்பட்ட பழைய சட்டங்களின் வரிசையில் சேர்ந்து மறைந்தது. பாரத் பெட்ரோலியத்தை விற்பதென்று 2019-ல் முடிவு செய்த அரசு 2022 மே மாதத்தில் அம்முயற்சியைக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிப்பந்திகளின் இல்லங்களில் எத்தகைய கவலை நிலவியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அபதானின் கதவு அடைபட்டபோது வளைகுடாவின் எதிர்க்கரையில் வேறு கதவுகள் திறந்துகொண்டிருந்தன. 1946-ல் குவைத் எண்ணெயை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அக்காலத்தில் அங்கே செலாவணி நம் ரூபாயே. 1961-ல்தான் தினார் வந்தது. 1975-ல் குவைத் எண்ணெய்க் கம்பெனியும் அந்நாட்டு அரசின் உடைமையாயிற்று. கேரளத்தினரும் தமிழ்நாட்டினரும் திரளாகச் சென்றனர். ஆயினும் அவர்கள் நிலை அபதானின் நிலையே: குறித்த காலத்து ஒப்பந்தம், உள்நாட்டுப் பொறுப்பாளர் ஒருவரின் கீழ் தங்கும் அனுமதி, வேலை முடிந்தால் பயணம்.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. எண்ணெய் வயலில் இருந்தவனும் கடையில் இருந்தவனும் ஒரே நாளில் வேலை இழந்தனர். பாலைவனம் கடந்து அம்மான் நகரை அடைந்தவர்களை ஏர் இந்தியா 488 விமானப் பயணங்களில் தாயகம் சேர்த்தது. இவ்வாறு மீண்டவர்கள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர். வங்கியிலிருந்த பணமும் வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கேயே தங்கிவிட்டன.

அபதானிலிருந்து மீண்டவர்களுக்குக் கிட்டாத ஒன்று இவர்களுக்குக் கிட்டியது. ஐக்கிய நாடுகள் சபை 1991-ல் ஒரு நஷ்டஈட்டு ஆணையத்தை அமைத்து, ஈராக்கின் எண்ணெய் விற்பனையில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கச் செய்தது. வெளியேற நேர்ந்த தனியொருவருக்கு 2,500 டாலர், குடும்பத்திற்கு 5,000 டாலர். வேறு வகைகளில் கோரிக்கை வைப்பதில்லை என்று ஒப்பினால் முறையே 4,000, 8,000. எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார், சம்பளம் எவ்வளவு என்பன இவ்வகையில் கேட்கப்படவில்லை. 1990 ஆகஸ்டு 2-க்கும் 1991 மார்ச் 2-க்கும் இடையே குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேறினார் என்பதைக் காட்டும் எளிய சான்று ஒன்று போதுமானதாயிருந்தது.