பரதேசியின் நாக்கு: காப்பி கிளப், கள்ளுக்கடை, காவிரிப் படுகை

1

என் தாத்தா இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை. 1968இல் பிரிட்டிஷ்காரன் தளத்தைக் காலி செய்யப்போவதாக அறிவித்த பிறகு வேலை போய், 1970இல் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்திறங்கினார். நான் சின்னப் பையனாக இருக்கும்போது அவரிடம் அடிக்கடி கேட்பேன்: "அங்க ஓட்டல் சாப்பாடெல்லாம் எப்டி இருக்கும் தாத்தா?" அவர் ருசியைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கடைப் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை. சிராங்கூன் ரோடு என்பார், அவ்வளவுதான். சொன்னது ஒன்றே ஒன்று: "உக்காந்து சாப்பிடலாம்டா."

அப்போது எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. கதை சொல்லத் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன். தமிழ் எம்.ஏ. படித்து, இலக்கிய ரசனை பற்றிக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்த இரண்டு வார்த்தை வாக்கியத்துக்குள் ஒரு சரித்திரம் மடித்து வைக்கப்பட்டிருப்பது புரிந்தது. அதைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

தஞ்சாவூர்க்காரனுக்கு வெளியூர் ஓட்டல்களைப் பற்றி அபிப்பிராயம் உண்டு என்பது தமிழகம் அறிந்த விஷயம். சென்னைக்கோ டில்லிக்கோ பம்பாய்க்கோ வேலைக்குப் போனவன் முதல் வாரமே ஊருக்குக் கடிதம் போடுவான்: "இங்கே காப்பி என்று ஒன்று தருகிறார்கள், கழுநீர் தேவலை." இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது, சிரிப்பூட்டுவது, கொஞ்சம் பிரியமானதும்கூட. ஆனால் 'தஞ்சாவூர்க்காரன்' என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? என் தாத்தாவும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்தான். அவரும் பரதேசம் போனவர்தான். அவருடைய அபிப்பிராயம் ஏன் அபிப்பிராயமாகக் கணக்கில் வரவில்லை?

2

காசு கொடுத்தால் சோறு கிடைக்கும் இடம் என்பது நம் பக்கத்தில் ரொம்பப் பழையது அல்ல. அதற்கு முன் இருந்தது சத்திரம். ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகிலும் மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்கள் இன்றும் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்போனது. இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணன் முதல் பறையன் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சத்திரங்களில் சோறு போடப்படுகிறது என்று பெருமையோடு சொல்கிறார். சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களுமாகக் கொடுத்துவிடுவார்களாம். இந்த இரண்டாவது செய்தியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லோருக்கும் சோறு என்ற வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே, அடுத்தவன் ஆக்கியதைத் தொடமாட்டேன் என்பவனுக்கும் ஏற்பாடு இருந்திருக்கிறது. எல்லோருக்கும் போடலாம், எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைப்பது வேறு சங்கதி.

பின்னால் இச்சத்திரங்கள் மாவட்டக் கழகத்தின் நிர்வாகத்துக்கு வந்தன. 1920களின் பிற்பகுதியில் ஏ.டி. பன்னீர்செல்வம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது சத்திர வருமானத்தில் நடந்த விடுதிகளிலும் கல்விக்கூடங்களிலும் பிராமணரல்லாத மாணவர்களுக்கு இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. தருமச் சோற்றின் பந்தியில் யார் உட்காருவது என்பது நூறு வருஷம் கழித்தும் தீராத வழக்காகவே இருந்திருக்கிறது.

இதற்கிடையில் ரயில் வந்துவிட்டது. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861இல் ரயில் ஓடத் தொடங்கியது; அடுத்த ஆண்டு திருச்சிவரை போனது. கட்டணம் கொடுத்தவன் எவனும் ஏறலாம் என்ற ஒரு பயங்கரமான கொள்கையை ரயில் கொண்டுவந்தது. பெட்டியில் முடியாமற்போன பிரிவினை, ரயில் நின்ற இடத்தில் தலைதூக்கியது. ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணாளுக்குத் தனி இடம், 'இதராளுக்கு'த் தனி இடம். சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து கூச்சல் போட்ட பிறகு 1941இல்தான் இந்த ஏற்பாடு ஒழிந்தது. ஊருக்குள் இருந்த காப்பி கிளப்புகளின் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் அதற்கப்புறமும் தொங்கிக்கொண்டிருந்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை போன பிறகுதான் அந்த ஒரு பலகையிலிருந்து அந்த ஒரு சொல் இறங்கியது. சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது: அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவு விடுதிகளில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது.

லண்டன் காப்பிக்கடைகளில் படித்த மத்தியதர வர்க்கம் கூடி விவாதித்ததிலிருந்து 'பொதுவெளி' பிறந்தது என்று ஹேபர்மாஸ் 1962இல் எழுதினார். நம் சிறுபத்திரிகைகளில் இதை மேற்கோள் காட்டாதவர் குறைவு. நம்முடைய காப்பி கிளப் பொதுவெளியாகத் திறக்கவில்லை; பொதுவெளியைத் தடுக்கும் பலகையோடு திறந்தது. அந்தப் பலகையோடு நடந்த மல்லுக்கட்டுதான் நம் பொதுவெளியின் வரலாறு.

3

இப்போது 'கும்பகோணம் டிகிரி காப்பி'க்கு வருவோம். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பித்தளை டபரா டம்ளர் படம் போட்ட பலகைகளைப் பார்க்காமல் யாரும் பயணம் செய்துவிட முடியாது. கும்பகோணத்தில் காப்பிச்செடி விளையாது. கொட்டை குடகிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வர வேண்டும். பின் கும்பகோணம் எங்கே இருக்கிறது? பாலில். டிகிரி என்பதே தண்ணீர் கலக்காத பால் என்று அளவுமானி காட்டும் கணக்கிலிருந்து வந்த பேர் என்கிறார்கள். நல்லது. பால் எங்கிருந்து வந்தது? மாட்டிலிருந்து. மாட்டுக்கு வைக்கோலும் புல்லும் யார் போட்டது? கொட்டிலில் சாணி அள்ளியது யார்? அந்த மாட்டை மேய்த்த பண்ணையாள் பையன் அந்தக் காப்பியைக் குடித்திருப்பானா?

காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் (2000) எழுதியிருக்கிறார். நான் அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கீழத்தஞ்சையில் காப்பி மணத்த அதே வருஷங்களில் இன்னொரு பானமும் இருந்தது. சாணிப்பால். பண்ணையில் தவறு செய்ததாகச் சொல்லப்பட்ட ஆளுக்குச் சவுக்கடி கொடுத்து, சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். 1943இல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த கன்னடம் பேசும் பரதேசி பி. சீனிவாசராவ் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் முதல் கோரிக்கைகளில், கூலியோடு கூட, இந்த இரண்டையும் நிறுத்து என்பதும் இருந்தது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அது எழுத்தில் ஏறியது. ஒரே மாடு. அதன் பால் மணமான காப்பியாகி ஒருவன் நாக்குக்குப் போனது. அதன் சாணம் தண்டனையாகி இன்னொருவன் தொண்டைக்குள் போனது. தஞ்சாவூர் நாக்கின் நுட்பத்தைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது தொண்டையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ரசனை என்பது பொருள்களைத் தரம் பிரிக்கிற மாதிரி காட்டிக்கொண்டு மனிதர்களைத் தரம் பிரிக்கிறது என்று 1979இல் பூர்தியூ எழுதினார். நம் இலக்கியத்துக்கும் இதில் பங்குண்டு. க.நா.சு. வலங்கைமான்காரர், தி. ஜானகிராமன் தேவங்குடி, கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி கும்பகோணம். காவிரிப் படுகையிலிருந்து சென்னைக்கும் டில்லிக்கும் போன நாக்குகள்தாம் நவீனத் தமிழ் உரைநடையின் ருசியைப் பெருமளவு நிர்ணயித்தன. 'மணம்', 'பக்குவம்', 'கச்சிதம்' என்று நம் விமர்சனம் பாவிக்கும் சொற்களில் பாதி அடுப்படியிலிருந்து வந்தவை. இதைச் சொல்வது அவர்களைச் சின்னவர்களாக்க அல்ல. அவர்களிடம்தான் நானும் வாசிக்கக் கற்றேன். ஆனால் எதை ரசிக்கலாம் என்று கற்றுக்கொண்டபோது, உட்காரும் பெஞ்சை யாரும் விவரிக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன். பெஞ்சு இருக்கிறவனுக்குப் பெஞ்சு கண்ணில் படாது.

4

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறியவர்கள் வேறு மாதிரியான பரதேசிகள். இவர்களுக்கும் அங்கிருந்த கடைகளைப் பற்றி, முக்கியமாகக் கள்ளுக்கடைகளைப் பற்றி, அபிப்பிராயம் இருந்தது. அதை அவர்கள் கடிதத்தில் எழுதவில்லை. கோரிக்கை மனுவில் எழுதினார்கள்.

மலேயா ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்ட ஏற்பாட்டின் ஓர் உறுப்பு. சம்பளம் ஒரு கையால் வரும், இன்னொரு கையால் கடைக்குத் திரும்பிவிடும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே என்ற கோரிக்கைகளோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். யுத்தம் முடிந்ததும் 1946-47இல் கெடாவில் 'தொண்டர் படை' என்ற பெயரில் இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதுவும் போலீசோடு மோதலில் முடிந்தது. குடிக்கும் இடத்தைப் பற்றி ஒரு பரதேசி சொன்ன கருத்துக்குக் கிடைத்த பதில் இது.

அங்கே சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து லயன்களில் சாதிவாரியாகக் குடிவைத்த கதைகள் உண்டு. ஆனால் துறைமுக நகரத்தில் காசை மேஜையில் வைத்தவனிடம் 'எந்தத் தெரு?' என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வி இல்லாத காற்றை ஒருமுறை சுவாசித்தவன் பழைய ஆளாகத் திரும்பி வரமாட்டான். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி மலேயாவில் தொழிற்சங்கத் தலைவராகி, 1949 மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். மலேயா போய்த் திரும்பிய வாட்டாகுடி இரணியன் விவசாயிகள் போராட்டத்தில் நின்று 1950 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். கடல் கடந்த அனுபவம் கீழத்தஞ்சையின் அரசியலுக்குள் திரும்பி வந்த பாதைகளில் இவை இரண்டு.

என் தாத்தா இவர்களைப் போலப் பெரிய ஆள் இல்லை. வெண்மணியில் 44 பேரை எரித்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஊர்ப்பக்கத்துக்குப் பெட்டியோடு வந்திறங்கினார். வந்த மறுநாள் ரோட்டோர டீக்கடைக்கு சிங்கப்பூர் சட்டையோடு போயிருக்கிறார். கடைக்காரர் மரியாதையாகத்தான் விசாரித்தாராம். கப்பல் எப்படி இருந்தது, தங்கம் என்ன விலை என்றெல்லாம். பிறகு கூரையில் செருகியிருந்த கொட்டாங்கச்சியை எடுத்துக் கொடுத்தாராம். அதற்கப்புறம் தாத்தா சாகும்வரை எந்தக் கடையிலும் டீ குடித்ததில்லை. வீட்டில் குடிப்பார், திண்ணையில் கால்மேல் கால் போட்டு.

5

கொட்டாங்கச்சி போய் அலுமினியக் குவளை வந்தது, அது போய் கண்ணாடிக் கிளாசில் அடையாளம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன 1990களின் கடைசியில் எங்கள் ஊர்க் கடையில் இரண்டு வரிசைக் கிளாசுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது காகிதக் கப். குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவும் பிரச்சனையே இல்லை. இதைச் சமத்துவம் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். எச்சில் கிளாசைக் கழுவ வேண்டிய அவசியத்தை ஒழித்ததால், அதைக் கழுவ மறுத்த கை மாறிவிட்டதா என்று பார்க்காமலே நாம் தாண்டிப்போய்விட்டோம்.

இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கிறது: "சாதி பார்க்காத ஒரே இடம் டாஸ்மாக் பார்தான்." 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்தத் தொடங்கியதன் விளைவு இது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை; மரமேறிக்குத் தொழில் போனது, சீமைச்சரக்குக்குச் சந்தை வந்தது. பாரில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பது நிஜம். ஆனால் கிள்ளான் தொழிலாளி 1941இல் மூடச் சொன்னதும் எல்லோரும் உட்காரக்கூடிய ஒரு கடையைத்தான். உட்காருவது மட்டும் போதாது, உட்கார்ந்து எழும்போது கையில் கூலி மிஞ்ச வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் நானும் இப்போது பரதேசிதான். நண்பர்கள் ஓட்டலில் என்னிடம் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "நீங்க தஞ்சாவூராச்சே, சொல்லுங்க, காப்பி எப்படி?" நான் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நல்ல காப்பி எனக்கும் பிடிக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என் தாத்தாவிடம் ஒருநாளும் கேட்கப்படவில்லை என்பது அப்போதெல்லாம் தொண்டையில் நிற்கும்.

இதைப் படிக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பர்மா, மலேயா, சிங்கப்பூர், கொழும்பு போய்த் திரும்பிய கிழவர்களும் கிழவிகளும் இன்னும் சிலர் மிச்சமிருப்பார்கள். அவர்களிடம் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், யார் பரிமாறினார்கள், அந்தத் தட்டை யார் கழுவினார்கள், ஊர் திரும்பிய பிறகு முதல் டீயை எதில் குடித்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்.