கையடக்கப் புதிர்ப்பாதை: உருளும் குண்டும் பிள்ளையின் பொறுமையும்

உணவங்காடியில் சாப்பாடு வரும்வரை பிள்ளையை உட்கார வைக்கத் திறன்பேசியை நீட்டாத பெற்றோர் குறைவு. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் அறிவித்த வழிகாட்டி, 18 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகள் பள்ளி நேரம் தவிர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே திரை பார்க்க வேண்டும் என்கிறது. சாப்பாட்டு வேளையில் திரையே கூடாது என்பதும் அதில் அடங்கும். அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு வேறு எதைக் கொடுப்பது என்று தேடும் பெற்றோரின் கண்ணில் அடிக்கடி படுவது, கைக்குள் அடங்கும் புதிர்ப்பாதை விளையாட்டுப் பொருள்கள். “பொறுமை வளரும், கவனம் கூடும்” என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்கப்படுபவை இவை.

இது புதிய சரக்கு அன்று. 1889இல் அமெரிக்க விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் சார்ல்ஸ் கிராண்டல், வட்டத்துக்குள் வட்டமாகத் தடுப்புகள் வைத்த சிறு தட்டு ஒன்றை விற்பனைக்கு விட்டார். கோலிக்குண்டுகள்தான் பன்றிகள், தட்டைச் சாய்த்துச் சாய்த்து, அவற்றை நடுவிலுள்ள பட்டிக்குள் ஓட்டிச் சேர்க்க வேண்டும். ‘பிக்ஸ் இன் குளோவர்’ என்ற அந்த விளையாட்டு, பிள்ளைகளைவிடப் பெரியவர்களையே அதிகம் பிடித்து ஆட்டியது. செனட்டர் வில்லியம் எவர்ட்ஸ் அதை வாங்கிக்கொண்டு அமெரிக்க செனட்டுக்கே எடுத்துச் சென்று, சக உறுப்பினர்களுடன் ஆடியதாக அக்கால நாளேடுகள் எழுதின. சுவீடனின் பிரியோ நிறுவனம் 1946இல் கொண்டுவந்த மரப்பெட்டி, இரண்டு திருகுகளால் பலகையைச் சாய்த்து, 60 துளைகளில் எதிலும் விழாமல் குண்டை நடத்திச் செல்லச் சொன்னது. ஒளி ஊடுருவும் கோளத்துக்குள் பாதை அமைந்த ‘பெர்பிளெக்சஸ்’ இன்று பிரபலம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கலை ஆசிரியர் மைக்கேல் மெக்கின்னிசின் யோசனை அது. அதை எந்தப் பக்கமும் திருப்பலாம், தலைகீழாகவும் கவிழ்க்கலாம்.

பாலர் பள்ளி வயதினருக்கு வேறொரு வகை உண்டு. மரப்பலகையில் குடைந்த தடங்களில் வண்ண மணிகள் கிடக்கும். மேலே கண்ணாடி போன்ற மூடி. கயிற்றில் கட்டிய காந்தப் பேனாவை மூடியின்மேல் நகர்த்தினால் மணி பின்தொடரும். சிவப்பு சிவப்பிடம், நீலம் நீலத்திடம் சேர வேண்டும். பேனாவை வெடுக்கென்று இழுத்தால் மணி பாதியில் கழன்று நின்றுவிடும்.

பொறுமை உள்ளே நுழையும் இடம் அதுதான். சாய்க்கும் பலகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பலகை சாய்ந்திருக்கும்வரை குண்டின் வேகம் ஏறிக்கொண்டே போகும். திருப்பத்துக்கு வந்த பிறகு நிமிர்த்தினால் காலம் கடந்துவிடும். அதற்கு முன்பே எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்க்கத் தொடங்க வேண்டும். பிள்ளையின் கண் குண்டின்மேல் மட்டும் இருந்தால் போதாது, அடுத்த திருப்பத்தையும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் குண்டு துளையில் விழும், ஆட்டம் முதலிலிருந்து. “மெதுவாகச் செய்” என்று அம்மா பத்து முறை சொல்லியும் ஏறாத பாடத்தைக் குண்டு திட்டாமல் சொல்லிவிடுகிறது. திரை விளையாட்டுகளைப் போல நட்சத்திரம், இசை, பரிசுப் புள்ளி எதுவும் இங்கே கிடையாது. சில பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் தூக்கி எறிவதற்கும் அதுவே காரணம்.

புதிர்ப்பாதைக்கும் சிந்தனைக்கும் தொடர்பு உண்டு என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சிறப்புப் பள்ளியில் பணியாற்றிய ஸ்டான்லி போர்டியஸ், 1914 வாக்கில் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தேர்வாக்கினார். பென்சிலை எடுக்காமல், முட்டுச்சந்துக்குள் நுழையாமல் வெளியேற வேண்டும். முன்யோசனையும் அவசரப்படாத தன்மையும் அதில் வெளிப்படும் என்பது அவர் கணிப்பு.

ஆனால் ஒரு திறனை அளக்கும் கருவி அதே திறனை வளர்த்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. தராசில் ஏறி நின்றால் எடை குறையாது. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் குறித்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: பழகிய விளையாட்டிலும் அதை ஒத்தவற்றிலும் கை தேறுகிறது, அது வகுப்பறைக் கவனமாக மாறுகிறது என்பதற்கான சான்று பலவீனமானது. மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக ‘லுமோசிட்டி’ செயலியின் நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 2 மில்லியன் டாலர் செலுத்த நேர்ந்தது. ஆகவே, கவனக்குறைபாடு இருப்பதாகச் சந்தேகிக்கும் பெற்றோர் பொம்மைக் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு, கண்ணையும் கையையும் ஒன்றுசேர்த்துப் பழக்கி, அரை மணி நேரத்தைத் திரையின்றிக் கடத்தித் தரும் பொருள் இது. அந்த அளவில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

வாங்கும்போது எளிதானதில் தொடங்குவது முக்கியம். நூறு தடைகள் கொண்ட கோளத்தை ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் பொறுமை வளராது, அழுகைதான் வரும். முதல் சில முறை பெரியவரும் சேர்ந்து ஆடி, தானும் தோற்றுக் காட்டினால் பிள்ளைக்குத் தெம்பு வரும்.

பெட்டியில் உள்ள வயதுக் குறிப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் தொண்டையில் சிறு குண்டு சிக்கிக்கொள்ளக் கூடும். காந்த வகையில் ஆபத்து இன்னும் பெரிது. விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட குடல் சுவரைத் துளைத்துவிடும். மூடியில் விரிசல் கண்டாலோ பேனாவின் நுனி ஆடினாலோ பொருளைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பிள்ளை காந்தத்தை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால், வயிற்றுவலி வருகிறதா என்று காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் சிறாருக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.