'ரிஹேர்ஸ்' என்ற சொல்லுக்குள் காது இல்லை

ஆங்கில தினப் போட்டிக்காக தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நாடகம் பழக்கிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் கரும்பலகையில் 'ரிஹேர்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, வழமைபோல சொல்லைப் பிரித்துக் கோடு போட்டேன். "ரி என்றால் திரும்ப. ஹியர் என்றால் கேள். வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் ரிஹேர்ஸல்." ஆசிரியர் கலாசாலைக் காலத்தில் என் கொப்பியில் நானே எழுதி வைத்த விளக்கம் இது. வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், அப்ப கடைசில இருக்கிற எஸ்ஸும் ஈயும் எதுக்கு?"

"நாளைக்குச் சொல்றன் மகன்" என்று சமாளித்துவிட்டு வந்து, இரவு அகராதிகளைப் புரட்டினேன். நான் சொன்னது முழுப் பிழை.

அந்தச் சொல் வந்தது காதிலிருந்து அல்ல, வயலிலிருந்து. உழுத நிலத்தில் மண்கட்டிகளை உடைத்துச் சமப்படுத்த, பற்கள் பொருத்திய ஒரு சட்டத்தை இழுப்பார்களே, பழைய பிரெஞ்சில் அதற்கு 'ஹெர்ஸ்' என்று பெயர். அதை இழுத்த நிலத்தில் இன்னொரு தடவை இழுப்பது 'ரெஹெர்ஸியே'. சொன்ன விஷயத்தைத் திரும்பக் கிளறிச் சொல்வதற்கும் அதே சொல்லைப் பாவித்தார்கள். 1300ஆம் ஆண்டளவில் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'எடுத்துரைத்தல், ஒப்புவித்தல்' என்பதுதான் பொருள். நாடகமெல்லாம் பிறகு. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், யாத்திராகமத்தில், ஒரு செய்தியை எழுதி வைத்து யோசுவாவின் காதில் 'ரிஹேர்ஸ்' பண்ணும்படி மோசேக்குக் கட்டளை வருகிறது. காதில் ஓது என்று அர்த்தம். பக்கத்திலேயே காது இருப்பதால் என்னைப் போன்றவர்கள் ஏமாறுவதில் ஆச்சரியமில்லை!

நாடகம் பழகுதல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் தச்சனும் நெசவாளியும் கூட்டாளிகளும் காட்டுக்குள் கூடி ஒத்திகை பார்ப்பது இந்தச் சொல்லைச் சொல்லித்தான். வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர் இன்று ஒத்திகையை 'மீளச் செய்தல்' என்ற பொருளுள்ள வேறு சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

'ஹெர்ஸ்' இன்னொரு பக்கமும் போயிருக்கிறது. தேவாலயங்களில் மெழுகுதிரி குத்திவைக்கும் முக்கோணச் சட்டம் அந்த வயல் கருவியைப் போல இருந்ததால் அதே பெயர் வந்தது. பிறகு பிரேதப் பெட்டிக்கு மேலே நிறுத்தும் சட்டத்துக்கு. 17ஆம் நூற்றாண்டில் பெட்டியை ஏற்றிப்போகும் வண்டிக்கு. இன்று ஆங்கிலத்தில் பிரேத வாகனம் 'ஹேர்ஸ்'. நாங்கள் சந்தூக்கைத் தோளில் சுமப்பவர்கள் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் அவ்வளவு பழக்கமில்லை. எழுத்துக்கூட்டிப் பாருங்கள், அதற்குள்ளும் 'ஹியர்' தெரியும். கேட்பதோடு அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'ஹிர்பெக்ஸ்' என்ற பெரிய வாரி. அதன் வேர் தென் இத்தாலியில் பேசப்பட்டு அழிந்துபோன ஒஸ்கன் மொழியின் 'ஹிர்பஸ்' என்று கருதுகிறார்கள். அப்படியென்றால் ஓநாய். வாரியின் பற்கள் ஓநாயின் பற்களை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். அங்கே மலைப்பகுதியில் வாழ்ந்த ஹிர்பினி என்ற இனத்தாருக்கும் ஓநாயிலிருந்துதான் பெயர்.

சரி, உண்மையிலேயே 'திரும்பக் கேட்டல்' என்று ஒரு சொல் இல்லையா? இருக்கிறது, 'ரிஹியர்'. இது சுத்தமான ஆங்கில 'ஹியர்' என்பதிலிருந்து வந்தது. அதிகம் புழங்குவது நீதிமன்றத்தில். ஒரு வழக்கை மறுபடி விசாரிப்பது 'ரிஹியரிங்'. ஆங்கிலேயச் சட்டத்தில் விசாரணையே 'கேட்டல்'தான். கணக்காய்வுக்குச் சொல்லும் 'ஓடிட்' கூட லத்தீனில் கேட்டல்தான், அந்தக் காலத்தில் கணக்கை வாய்விட்டு வாசிக்கக் கேட்டுத்தான் சரிபார்த்தார்கள்.

நேற்று வகுப்பில் போட்ட கோட்டை அழித்துவிட்டு இதையெல்லாம் சொன்னேன். கேள்வி கேட்டவன் ஓநாயைத்தான் பிடித்துக்கொண்டான், கொப்பியில் படமும் கீறிவிட்டான். என்னிடம் முன்பு படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் கொப்பியிலும் அந்தக் கோட்டை வெட்டிவிடுங்கள். பிழை என்னுடையது.